திருப்பி மாட்டிய வில்லை

தூக்கிவிட்ட கையே ஒருநாள் கழுத்தைப் பிடித்தால், அந்தக் கையை என்ன செய்வது?

டியூட்டி அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று திரிந்துகொண்டிருந்த நேரம் அது. பதில்தான் என்னிடம் இல்லை; நடந்தது இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

டியூட்டி அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு இரண்டு குறைவு. பேருந்து டிப்போவில் டியூட்டி கிளார்க். எந்த ஓட்டுநர் எந்த வண்டி, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்பதெல்லாம் அவள் போடும் தாளில்தான் இருக்கும். டீசல் பம்புக்கு எதிரே, கம்பி ஜன்னல் வைத்த சின்ன அறை. மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அந்த வாரத்துத் தாள். விடிந்தும் விடியாமலும் ஜன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும்.

"மறுபடியும் பதினேழாம் நம்பரா? நான் உங்களுக்கு என்னக்கா துரோகம் பண்ணேன்?"

"அந்த ரூட்ல ஜனங்க கூடச் சண்டை போட உன்ன விட்டா ஆளே இல்லடா."

"ஒருநாள் வண்டிய உங்க ஜன்னலுக்குள்ளயே விடுறேன் பாருங்க."

"விடு. ஆனா எட்டு அஞ்சுக்கு விடு. எட்டு மணிக்கு அங்க வேற வண்டி இருக்கு."

இந்த ஓட்டுநருக்கு டிப்போவில் பேரே 'பதினேழு'தான். அக்காவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. அக்கா பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறவள், அவனுக்கு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கப் பிடிக்காது. "எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்க, அங்க உங்க சிபாரிசு செல்லுமாமே" என்று சிரிப்பான்.

சிபாரிசு செல்லும் என்பது கேலியானாலும் பொய்யில்லை. கூடத்தில் அக்காவுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அங்கேதான் பலகை இருந்தது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கூடத்தின் பின்பக்கம், பாத்திரங்கள் கழுவும் இடத்தை ஒட்டிய சுவரில், ஆள் உயரத்துக்குப் பச்சை வண்ணம் அடித்த மரப் பலகை. மேலே வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு தகர வில்லை, அதில் ஒரு எண். ஒரு எண் ஒரு குடும்பம். கூடத்தைச் சேர்ந்த ஒருவர் நோயில் விழுந்தால், வேலை போனால், வீட்டில் சாவு விழுந்தால், அவர் பேர் பலகையின் கீழ்ப்பாதியில் சாக்பீஸால் எழுதப்படும். பேருக்கு நேரே காலை, மதியம், மாலை என்று மூன்று ஆணிகள். அங்கே எந்த வில்லை தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வேளைக்குப் போய் நிற்பார்கள். சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், குழந்தையைப் பள்ளியில் விடுவார்கள், ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

அக்காவே அப்படிப் பிழைத்தவள்தான். அவளுடைய இருபத்தாறாவது வயதில் கணவன் வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். கையில் ஒன்பது மாதக் குழந்தை, உடம்பில் மஞ்சள்காமாலை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கூடத்தில் போய்ச் சொல்ல, அன்று மதியமே முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டினார்கள். ஐந்து மாதம் வந்தார்கள். குழந்தை முதலடி வைத்ததை அக்கா பார்க்கவில்லை, வில்லைப்படி வந்த ஒரு தச்சர் வீட்டுப் பெண்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். உன் கடவுள் யார் என்றோ, இனிமேல் கூடத்துக்கு வருவாயா என்றோ ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் அவள் போனாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்த வருடம் அரசாங்க ஆட்கள் நான்காம் நாள் வந்தார்கள், பலகை அன்று மாலையே வேலை செய்தது. பிள்ளைகுட்டி இல்லாத ஒரு காவலாளி, சாகக் கிடந்த பதினாறு நாளும் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை. இதைவிட ஒழுங்காக மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஒழுங்கு அக்காவின் கைவண்ணம். பதினோரு வருடத்துக்கு முன் பலகை அவள் பொறுப்புக்கு வந்தபோது ஒரு வீட்டில் மூன்று பானைச் சோறு வந்து புளிக்கும், இன்னொரு வீட்டில் ஈ ஆடும். டிப்போவில் தாள் போடுகிற மூளையை இங்கே கொண்டுவந்தாள். யாருக்கு எந்த வேளை ஒழியும், யார் யாரோடு ஒத்துப்போக மாட்டார்கள், யாருடைய சமையல் நோயாளியைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பலகைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. கூடத்தை நடத்திய மூன்று பெரியவர்களும் ஒரு குடும்பத்தை விலக்கிவைக்க முடிவுசெய்தால், அந்த வில்லையைத் திருப்பி மாட்ட வேண்டும். எண் சுவரைப் பார்க்கும், வெறும் தகரம் நம்மைப் பார்க்கும். திரும்பிய வீட்டிலிருந்து யாரும் எதுவும் வாங்கக் கூடாது, அங்கே எதுவும் கொடுக்கக் கூடாது. பேசக் கூடாது. அவர்கள் கதவைத் தட்டினால் திறக்கக் கூடாது. பெரியவர்கள் வில்லையைத் தொட மாட்டார்கள். பலகையைப் பார்த்துக்கொள்கிறவரின் கைதான் திருப்ப வேண்டும். அதுதான் முறை.

பதினோரு வருடத்தில் அக்கா மூன்று முறை திருப்பியிருக்கிறாள். குடித்துவிட்டுக் கூடத்தில் ரகளை செய்தவன் ஒருவன். பெரியவர்களை எதிர்த்துப் பேசிய இளைஞன் ஒருவன். கணவனின் அடி தாங்காமல் தனியாக வந்து, திரும்பிப் போகச் சொன்னபோது மாட்டேன் என்ற தையல்காரி ஒருத்தி. மூன்று முறையும் அக்கா கேள்வி கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னார்கள், திருப்பினாள், ஒழிந்த வேளைகளுக்கு வேறு ஆள் போட்டாள், வேலைக்குப் போனாள்.

அவளுக்கு ஒரு தம்பி. கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். கூட்டாளிகள் அவனை 'ஏணி' என்பார்கள். ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது சாரம் சரிந்து இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். வலது தொடை எலும்பு இரண்டாக ஒடிந்து, உள்ளே பிளேட் வைத்துத் திருகினார்கள். இடது கணுக்காலுக்கு மாவுக்கட்டு. மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். அவன் மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். இருட்டோடு கிளம்பினால் மதியம் இரண்டரைக்குத்தான் வருவாள். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை.

பலகை வேலை செய்தது. ஐந்து வாரம் அவனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு வேளை தவறாமல் ஆள் வந்தது. பக்கத்து வீட்டு மாவுமில்காரர் தினமும் பத்து மணிக்கு வந்து அவனைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவார். அவர் மனைவி சாப்பாடு வைத்துவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை அளந்துவிட்டுப் போவாள்.

"ஏணி மேல இருந்து விழுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். ஏணியே விழுந்து இப்பத்தான் பாக்கிறேன்" என்பாள்.

"சிரிக்க வைக்காதீங்கக்கா, தொடை வலிக்குது" என்பான் அவன்.

ஆறாவது வாரம் குழந்தையின் காது கிழிந்தது.

கூடத்தில் வாரம் இரண்டு நாள் குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும். பாட வாத்தியார் கண்டிப்பானவர் என்று பேர். கண்டிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒப்பிக்கும்போது குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் ஏதோ முகம் காட்டியிருக்கிறான். வாத்தியார் மர ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் காதோடு சேர்த்து அறைந்தார். குழந்தை வீட்டுக்கு வரும்போது கழுத்துவரை ரத்தம் இறங்கியிருந்தது. செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று மருத்துவமனையில் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துக்கூட வைக்காமல், கையில் பிடித்தபடியே தாய் காவல் நிலையத்துக்குப் போனாள்.

மறுநாள் மாலை அக்காவைப் பெரியவர்கள் அழைத்தார்கள். மூவரில் பேசுகிறவர் கண்ணாடிக்கடைக்காரர். பார்வை மங்கியவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிற நல்ல மனிதர். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உட்காருங்கம்மா. உங்க தம்பி பொண்டாட்டி பண்ணது சரியா?"

"குழந்தைக்குக் காது கிழிஞ்சிருக்குங்க ஐயா."

"அது சரின்னு யார் சொன்னா? வாத்தியாரக் கண்டிச்சாச்சு. நம்ம வீட்டுக்குள்ள நடந்ததத் தெருவுக்குக் கொண்டுபோனது சரியான்னுதான் கேக்கறேன்."

"போன வருஷமே மூணு தாய்மாருங்க எங்கிட்ட அழுதாங்க. நான் வந்து உங்ககிட்டச் சொன்னேனே ஐயா."

"அப்பவும் கண்டிச்சோம்மா."

மூன்று தாய்மார்களிடமும் 'பெரியவங்க பாத்துக்குவாங்க' என்று சொல்லி அனுப்பியது அவள்தான்.

"பத்தே நாள் அவங்க வில்லையத் திருப்பி வைங்க. புகார வாபஸ் வாங்கட்டும், மறுநாளே வில்லைய நேரா மாட்டிடலாம்."

"அவன் படுத்த படுக்கையா கிடக்கிறான் ஐயா. எழுந்திரிக்கவே முடியாது."

"தையல்காரி வில்லையத் திருப்பினப்போ அவளும் காய்ச்சல்லதான் கிடந்தா. உங்க தம்பிக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?" கண்ணாடிக்கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "மஞ்சக்காமாலைல கிடந்தீங்களே, அன்னைக்குக் கூடம் உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"இப்பக் கேக்குது."

இங்கேதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள் என்பதுதானே அந்தக் கூடத்தின் பெருமை? இருபது வருடம் கழித்துக் கேட்டால், அன்றைக்குக் கொடுத்ததற்குப் பேர் என்ன? ஆனால் அக்கா அப்படி யோசிக்கவில்லை. பத்து நாள்தானே, கூடப்பிறந்தவள் போனால் பெரியவர்கள் கண்டும் காணாமல் இருப்பார்கள், நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் தம்பி மனைவி வழிக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். எழுந்து பின்பக்கம் போனாள். தம்பி வீட்டு முப்பத்தொன்றாம் எண்ணைத் திருப்பி மாட்டினாள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஆணியில் ஆள் சும்மா தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வில்லைகளை எல்லாம் ஐந்தே நிமிடத்தில் வேறு வீடுகளுக்கு மாற்றிவிட்டாள். மாவுமில்காரரின் காலை பத்து மணி, தெருக்கோடியில் பக்கவாதம் வந்து கிடந்த கிழவருக்குப் போனது. ஒரு வேளைகூட வீணாகவில்லை. அவள் போட்ட தாள்களிலேயே பிசகில்லாத தாள் அதுதான்.

தம்பி வீட்டுக்குப் பத்து மணிக்குப் பதில் பதினோரு மணிக்கு, டிப்போவிலிருந்து அரைமணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவளே போனாள். வாயில் பேச்சில்லாமல் போவாள். விலக்கின வீட்டில் பேசக் கூடாதே! பதினேழு தன் வண்டி அந்த வழியாகத்தான் போகும் என்று அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். தம்பியைத் தூக்க அவள் ஒருத்தியால் முடியாது. கூடத்தைச் சேராத கீழ்த்தளத்துக் காவலாளியைக் கூப்பிட்டு இருவருமாகத் தூக்குவார்கள்.

"அக்கா, என்ன மௌனவிரதமா?" என்று தம்பி முதல்நாள் சிரித்தான். அவள் சாடை காட்டினாள். இரண்டாம் நாள் அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான்காம் நாள் டிப்போவில் இரண்டு ஓட்டுநர்கள் வரவில்லை. ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் பாதி வழியில் நின்றது. ஜன்னலில் பத்து முகம். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டே முக்கால்.

தம்பி பத்தரை மணியிலிருந்தே கூப்பிட்டிருக்கிறான். வயிறு சரியில்லை. முதலில் மாவுமில்காரரை. "அண்ணே, ஒரு கை குடுங்கண்ணே." பிறகு அவர் மனைவியை. பிறகு எதிர்வீட்டை. அந்த மாடியில் அவன் வீட்டைத் தவிர ஆறு கதவுகள். நான்கு கூடத்துக் குடும்பங்கள். மற்ற இரண்டில் ஆள் வேலைக்குப் போயிருந்தது. ஒரு மணி நேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு பேர் சொல்லாமல், "யாராவது" என்றான். பிறகு, முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, படுக்கையை அசிங்கப்படுத்த மனம் வராமல், கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஊன்றக் கூடாத காலை ஊன்றினான்.

அக்கா கதவைத் திறந்தபோது அவன் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கிடந்தான். நினைவு இருந்தது. தொடை, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. சுற்றிலும் நனைந்திருந்தது. அவன் அவளைப் பார்க்காமல், "என் பொண்ணு வர்றதுக்குள்ள தொடச்சிடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, துடைத்துவிட்டு, அவள் வெளியே வந்து பக்கத்துக் கதவை உள்ளங்கையால் அடித்தாள். திரும்பிய வீட்டிலிருந்து தட்டவில்லையே, அவள் பலகை அக்கா ஆயிற்றே, அதனால் திறந்தது. மாவுமில்காரரின் மனைவி. கண் வீங்கியிருந்தது. உள்ளே ரேடியோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தது.

"அவன் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு அக்கா."

"அப்புறம்?"

"வில்லை திரும்பியிருக்கே."

"பக்கத்து வீட்டுல ஒருத்தன் கத்துறான், வில்லையப் பத்திப் பேசுறியா நீ?"

"நீங்கதானே அக்கா திருப்பினீங்க?" அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "எனக்குத் தாங்கலக்கா. அதான் ரேடியோவச் சத்தமா வச்சேன். உள்ள உக்காந்து அவனுக்காகப் பிரார்த்தனை பண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"பன்னிரண்டு அடி நடந்திருக்கலாம்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஐந்து வாரம் அதே கதவுக்குள் போய்ச் சிரிக்கவைத்தவள். கெட்டவர்கள் நான்கு பேர் அந்த மாடியில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. நல்லவர்கள் நான்கு வீடு, நான்கு கதவு, இரண்டு மணி நேரம். மனிதனுக்கு இயல்பாக வருகிற ஒன்றைத் தடுத்து நிறுத்த ஒரு தகரத் துண்டு போதுமானதாக இருந்தது.

மருத்துவமனையில் மறுபடியும் அறுத்தார்கள். பிளேட் வளைந்துவிட்டது. புதிதாக வைத்தார்கள். கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிடும், இனிமேல் உயரத்தில் ஏறுகிற வேலை நடக்காது என்றார் டாக்டர். தம்பி மனைவி தொழிற்சாலை உடுப்போடு, மாவு படிந்த தலையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்காரத் தைரியமில்லாமல் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். திருப்பும்போது உங்க கை நடுங்குச்சா?"

அக்கா யோசித்தாள். "இல்ல."

"நல்லது. பொய் சொல்லல." தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "நான் புகார வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள்.

"வாங்காத," என்றாள் அக்கா. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வர நான்கு நாளும் ஒரு காலும் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த வாரக் கூட்டத்தில் கண்ணாடிக்கடைக்காரர் பேசினார். பேர் சொல்லவில்லை. கூட்டை விட்டு விலகுகிறவனை நிலமும் தாங்காது, கண்முன்னால் பாடம் நடந்திருக்கிறது என்றார். பெண்கள் பக்கத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தாள். கூட்டத்தில் நடுவே எழுந்து பேசுகிற வழக்கமே கிடையாது.

"ஐயா, அவன் விழுந்தது கடவுள் தள்ளி இல்ல. தூக்க ஆளில்லாம விழுந்தான். ஆள எடுத்தது நான். எடுக்கச் சொன்னது நீங்க மூணு பேரு."

"உட்காருங்கம்மா."

"அந்தப் புள்ளையோட காதுக்கு முன்னாடி மூணு புள்ளைங்க. அவங்க அம்மாங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. நீங்க சொல்லுங்கடி! சொல்லுங்க!"

மூன்று தாய்மார்களும் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ பாட்டை எடுத்துக்கொடுத்தார்கள். ஒரு குரல், பத்துக் குரல், கூடமே பாடியது. எத்தனையோ துக்கத்தில் அவளைத் தேற்றிய பாட்டு. அவள் கத்தினாள், பாட்டு அவள்மேல் ஏறிப் போனது. வாய் அசைகிறதே தவிர அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பின்பக்கம் போய் முப்பத்தொன்றாம் வில்லையை நேராக மாட்டிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்தாள்.

இரண்டு நாளில் முப்பத்தொன்று மறுபடி திரும்பியது, கூடவே அவளுடைய வில்லையும். பலகைக்குப் புது ஆள் போட்டார்கள். மாவுமில்காரரின் மனைவி.

தம்பி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தான். இன்னும் நான்கு மாதம் படுக்கை. அக்கா டிப்போ தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் கட்டம் போட்டு, கூடத்தின் மீதி நாற்பது வீட்டுக் கதவையும் தட்டினாள். பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து, நின்று, திரும்பிப் போனது. சிலர் திறந்து கையைப் பிசைந்தார்கள். "எங்க அம்மா பேரு இப்ப பலகைல இருக்கு அக்கா, என்ன பண்றது?" என்றான் ஒருவன். அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும், அதைக் கட்டங்கட்டமாகப் போட்டவளே அவள்தானே. மூன்று வீடு வருகிறோம் என்றது.

தையல்காரியின் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு இரண்டு முறை இறக்கினாள். மூன்றாம் முறை தட்டினாள். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி பாதிக் கதவைத் திறந்தாள்.

"நாலு வருஷம் ஆச்சு, இந்தக் கதவு உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"ஆமா."

"பன்னிரண்டு நாள் காய்ச்சல். குழாய் வரைக்கும் தவழ்ந்து போய்த் தண்ணி குடிச்சேன். எதிர்வீட்டுல பாத்துக்கிட்டே நின்னாங்க."

அக்கா வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சிடுன்னு சொன்னீங்கன்னா, கதவ மூஞ்சில சாத்துவேன்."

"சொல்லல. செவ்வாயும் வெள்ளியும், காலைல பத்துலருந்து பன்னிரண்டு. என் தம்பியத் தூக்க ரெண்டாவது ஆள் வேணும். வருவியா?"

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னமும் ஷிப்டுதான் போட்டுக்கிட்டிருக்கீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"உங்களுக்காக வரமாட்டேன். கத்திக் கத்தியும் ஆள் வராதவனுக்காக வரேன்."

அவள் வந்தாள். நான்கு மாதமும் அக்காவோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்து தூக்கிவிட்டுப் போனாள். மீதி நாளுக்குப் பதினேழு, தன் ஓய்வு நாளையும் சேர்த்துக் கொடுத்தான். "கடவுள் பேரச் சொல்லாம வந்தா கணக்குல சேருமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஒருநாள் அக்கா அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

தம்பி இப்போது நடக்கிறான். கைத்தடி வைத்து, வலது காலை இழுத்து. ஒரு வண்ணக் கடையில் உட்கார்ந்து கலவை போடுகிற வேலை. குழந்தையிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய்த்தான் பேச வேண்டும். புகார் வாபஸ் வாங்கப்படவில்லை. வழக்கு ஆமை மாதிரி போகிறது. அக்கா இப்போதும் பிரார்த்தனை செய்கிறாள், வீட்டில், தனியாக. யாரும் தன்னைத் திருப்பி மாட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்து கும்பிடுகிறேன் என்கிறாள்.

கூடம் நடக்கிறது. பலகையும் நடக்கிறது. சென்ற மாதம்கூட ஒரு வீடு எரிந்தபோது அன்று மாலையே அங்கே சோறு போனது. போகட்டும், அந்த வீட்டுக்குச் சோறு வேண்டும். ஆனால் அதே கூடத்தில் இன்றும் புதிதாக வருகிறவர்களிடம், ஒரு பெயிண்டர் கடவுளை எதிர்த்துக் கால் ஒடிந்து விழுந்தான் என்று கதை சொல்கிறார்கள். பாட வாத்தியாரையோ, வழக்கு முடியும்வரை என்று சொல்லி, வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். அங்கேயும் அவருக்குப் பாடம் நடத்துகிற வேலைதான். எந்தத் தெருவிலோ, எந்தக் குழந்தையோ இப்போது அவர் முன்னால் உட்கார்ந்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஊர் உங்கள் ஊராக இருக்கலாம். அதனால் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் சொல்லுங்கள், வேலை செய்கிற இடத்தில் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் கூடத்துக்குப் போனாலும் அங்கே பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லுங்கள். பாட்டு எடுத்துக்கொடுத்து அடக்குவார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி சொல்லுங்கள். அந்தப் பெயிண்டர் விழுந்தது யாரையும் எதிர்த்ததால் அல்ல, இரண்டு மணி நேரம் கூப்பிட்டும் ஒரு கதவும் திறக்காததால் என்று.